டெபியன் 12: கணினி சில நாள் பேசுகிறது, சில நாள் வாய் திறப்பதில்லை [தீர்ந்தது]

வெண்கோல் | வெள்ளி, இரவு 8.50

எனக்குப் பார்வை கிடையாது. ஆர்கா திரைவாசிப்பான் சொல்வதைக் கேட்டுத்தான் கணினியை இயக்குகிறேன். ஒலி நின்றால் என் திரை அணைந்துவிட்டது என்று பொருள். இதை முதலிலேயே சொல்லக் காரணம், வேறோர் இடத்தில் இதே கேள்வியைக் கேட்டபோது, "திரையைப் படம் பிடித்துப் போடுங்கள்" என்று மூன்று பேர் பதில் எழுதினார்கள்.

மேசைக் கணினி. இன்டெல் தாய்ப்பலகை, அதிலேயே ரியல்டெக் ஒலிச்சில்லு. தனியாக ஒரு என்விடியா வரைகலை அட்டை. இயங்குதளம் டெபியன் 12 லினக்ஸ், மேசைச் சூழல் க்னோம். மூன்று வாரமாக இந்தத் தொல்லை. சில காலைகளில் எல்லாம் ஒழுங்காகப் பேசுகிறது. சில காலைகளில் ஒரு சத்தமும் இல்லை. அணைத்துப் போட்டால் இரண்டு முறைக்கு ஒருமுறை சரியாகிறது. பேசாத நாளில் ஒலி அமைப்புகளைத் திறந்து என் மனைவியைப் படிக்கச் சொன்னேன். "டம்மி அவுட்புட்" என்ற ஒன்றைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லையாம்.

கைப்பேசியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைநுழைவு) வழியாக உள்ளே போக முடிகிறது, ஆகவே நீங்கள் சொல்லும் கட்டளைகளை இட்டு, வரும் விடையைக் கேட்க முடியும். ஒரு வேண்டுகோள்: தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் கலந்த வரியில் என் கைப்பேசியின் குரல் தடுக்கி விழுகிறது. கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். எழுத்துக்கூட்டல் எனக்குத் தெரியும்.

புதுமழை | வெள்ளி, இரவு 9.05

எனக்கும் இப்படி வந்தது ஐயா. ஒலியைக் கையாளும் பைப்வயரை முழுக்க நீக்கிவிட்டு, அதற்கு முன்பிருந்த பழைய பல்ஸ்ஆடியோவை நிறுவினேன், சரியாகிவிட்டது. இல்லையென்றால் வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள் பல்ஸ், பைப்வயர், வயர்பிளம்பர் என்று எது இருந்தாலும் அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். ஸ்பீக்கர் கம்பி பச்சை நிறத் துளையில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெண்கோல் | வெள்ளி, இரவு 9.12

தம்பி, பச்சை எது என்று எனக்குத் தெரிந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. :) பின்புறம் மேலிருந்து கீழாக மூன்று துளைகள், நடுவில் இருப்பதில் கம்பி செருகியிருக்கிறது. பேசும் நாளிலும் அதே துளைதான்.

புதுமழை | வெள்ளி, இரவு 9.14

மன்னியுங்கள் ஐயா, யோசிக்காமல் எழுதிவிட்டேன். நடுத்துளைதான் பச்சை, என் கணினியிலும் அப்படித்தான்.

நூல்கண்டு | வெள்ளி, இரவு 9.40

ஐயா, தயவுசெய்து எதையும் அழிக்க வேண்டாம், நீக்கவும் வேண்டாம். இருக்கும் தடயமும் போய்விடும்.

ஒரே ஒரு கேள்வி. பேசாத நாட்களில், கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவுத் திரையில் ஆர்கா பேசுகிறதா?

வெண்கோல் | வெள்ளி, இரவு 9.46

இல்லை சகோதரி. அன்றைக்கு உள்நுழைவுத் திரையும் மௌனம்தான். கடவுச்சொல்லைக் குருட்டாம்போக்கில் தட்டிவிட்டு உள்ளே போவேன். (இந்தச் சொல்லைப் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டு.)

நூல்கண்டு | வெள்ளி, இரவு 10.02

அப்படியென்றால் உங்கள் வீட்டு அடைவைக் குறை சொல்ல முடியாது. உள்நுழைவுத் திரை உங்கள் பெயரில் ஓடுவதில்லை. அது தனிப் பயனர், அதற்கென்று தனி பைப்வயர், தனி வயர்பிளம்பர். அதுவும் அன்றைக்கே ஊமையாகிறது என்றால், நீங்கள் உள்ளே வருவதற்கு முன்பே ஏதோ நடந்துவிட்டது. அமைப்புக் கோப்புகளை அழித்திருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது.

அடுத்த முறை பேசாதபோது, மறுதொடக்கம் செய்யாமல் நான்கு விடைகளை எடுத்து வையுங்கள். முதலில் கணினியின் முன் உட்கார்ந்து க்னோமுக்குள் நுழைந்துவிடுங்கள், எஸ்எஸ்எச் அதற்குப் பிறகு. ஒலிக் கருவியைத் தொடும் உரிமை கணினியின் முன் இருப்பவருக்குத்தான் தரப்படுகிறது. தொலைவிலிருந்து மட்டும் நுழைந்து சோதித்தால் இல்லாத குறையெல்லாம் தெரியும்.

முதலாவது: ப்ராக் அடைவுக்குள் இருக்கும் அசவுண்ட் அடைவில் கார்ட்ஸ் என்ற கோப்பு. கர்னலுக்கு (இயங்குதளத்தின் உட்கருவுக்கு) உங்கள் ஒலி அட்டை தெரிகிறதா என்பதை அது சொல்லும்.

இரண்டாவது: பேக்டில் இன்ஃபோ. அதில் சர்வர் பெயர் வரும் வரியும், டீஃபால்ட் சிங்க் (இயல்பாக ஒலி போகும் இடம்) வரியும்.

மூன்றாவது: டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்.

நான்காவதுதான் முக்கியம்: சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) ஃபியூசர், அதற்குச் சிறிய வி என்ற தெரிவு, பிறகு டெவ் அடைவில் இருக்கும் எஸ்என்டி அடைவின் எல்லாக் கோப்புகளும். ஒலிக் கருவியை இப்போது யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இது காட்டும். சூடோ இல்லாமல் இட்டால் பிறருடைய செயல்முறைகள் தெரியாது, "யாருமே இல்லை" என்று நினைத்து ஏமாந்துபோவீர்கள்.

ஆல்சாக்கிழவர் | வெள்ளி, இரவு 11.20

நூல்கண்டு சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறார். இளையவர்களுக்காக ஒரு வார்த்தை, ஏனென்றால் "பைப்வயரை நீக்கு, பல்ஸைப் போடு" என்ற வைத்தியத்தை வாரத்துக்கு இரண்டு முறையாவது படிக்கிறேன்.

அடியில் கர்னலுக்குள் இருப்பது ஆல்சா. கருவியோடு பேசுவது அது மட்டுமே. மேலே இருக்கும் எவராக இருந்தாலும் அதன் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். பைப்வயர் ஒலியைச் சுமந்து செல்லும் ஆள். எந்த ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் பெரியதனம் வயர்பிளம்பருடையது. பல்ஸ்ஆடியோவை எதிர்பார்த்து எழுதப்பட்ட பழைய நிரல்கள் ஏராளம், அவற்றுக்காகப் பல்ஸ்ஆடியோவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது பைப்வயர்-பல்ஸ். அதனால்தான் பேக்டில் கேட்டால் "பல்ஸ்ஆடியோ" என்று தொடங்கி, "பைப்வயரின் மேல்" என்று விடை வருகிறது. அதைப் பார்த்துவிட்டு "இரண்டும் ஓடுகிறதே" என்று பதறி ஒன்றைப் பிடுங்கியவர்கள் உண்டு.

கருவி இன்னொருவர் கையில் சிக்கியிருந்தால் பைப்வயரை நீக்கினாலும் தீராது. பல்ஸ்ஆடியோ வந்தாலும் அதே பூட்டிய கதவில்தான் முட்டிக்கொள்ளும். புதுமழைக்குச் சரியானது, இடையில் அவர் செய்த மறுதொடக்கத்தால்கூட இருக்கலாம்.

இது புதிய சண்டையும் இல்லை. க்னோமில் ஈஎஸ்டி, இன்னொரு மேசைச் சூழலான கேடிஇயில் ஆர்ட்ஸ் என்று தனித்தனி ஒலிச் சர்வர்கள் இருந்த காலத்தில், ஒன்று கருவியைப் பிடித்தால் மற்றொன்று வாயை மூடிக்கொள்ளும். லெனார்ட் போட்டரிங் 2004இல் தொடங்கிய வேலை பல்ஸ்ஆடியோவாக வளர்ந்து, 2007இல் ஃபெடோரா 8இலும் 2008இல் உபுண்டு 8.04இலும் இயல்பிருப்பாக வந்தபோது அதைத் திட்டாதவர் இல்லை. நானும் திட்டினேன். பாதித் தவறு ஒலி அட்டைகளின் டிரைவர்களுடையது என்று பிறகுதான் புரிந்தது. விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் 2021இல் ஃபெடோரா 34இல் ஒலிக்கும் பொறுப்பேற்றபோது அவ்வளவு வசை விழவில்லை. அடி வாங்கி வழி போட்டுக் கொடுத்தது பல்ஸ்.

பின்னிரவு | சனி, காலை 12.35

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் பைப்வயர்தான், ஆனால் சத்தம் வருகிறது, கூடவே கடலை வறுப்பதுபோல் படபடவென்ற ஓசையும் வருகிறது. யுஎஸ்பி ஒலி இடைமுகம் வைத்து ஆர்டர் என்ற ஒலிப்பதிவு நிரலில் குரல் பதிவு செய்கிறேன். தாமதம் குறையட்டும் என்று குவாண்டத்தை (ஒரு தடவைக்குக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை) 64 ஆக்கியிருக்கிறேன்.

நூல்கண்டு | சனி, காலை 7.10

பின்னிரவு, இது வேறு நோய், தனி இழை போட்டிருக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன். நொடிக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில் 64 மாதிரி என்பது 1.3 மில்லிநொடி. ஒவ்வொரு 1.3 மில்லிநொடிக்கும் உங்கள் கணினி தவறாமல் அடுத்த கவளத்தை ஊட்ட வேண்டும். ஒருமுறை தவறினாலும் காதில் ஒரு வெடிப்பு. பிடபிள்யூ-டாப் என்ற கட்டளையை ஓடவிட்டு, ஈஆர்ஆர் என்ற பத்தியில் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் 256க்குப் போங்கள், 5.3 மில்லிநொடிதான், பாடுபவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெறுமனே கேட்பதற்கு இயல்பான 1024 போதும், அதாவது 21 மில்லிநொடி. பிடபிள்யூ-மெட்டாடேட்டாவில் ஃபோர்ஸ்-குவாண்டத்தை 256 என்று வைத்துச் சோதியுங்கள். அது தற்காலிகம்தான், 0 கொடுத்தால் விலகிவிடும்.

வெண்கோல் | ஞாயிறு, காலை 6.30

இன்று காலை பேசவில்லை. இவ்வளவு நாளில் முதல்முறையாக அதற்காக மகிழ்ந்தேன்.

கார்ட்ஸ் கோப்பில் இரண்டு அட்டைகள்: 0 இன்டெல், 1 என்விடியா. ஆக, கர்னலுக்குத் தெரிகிறது. பேக்டில் விடையில் சர்வர் "பைப்வயர் 0.3.65இன் மேல்" என்றும், டீஃபால்ட் சிங்க் "ஆட்டோ நல்" என்றும் வந்தன. டபிள்யூபிசிடிஎல்லில் சிங்க் என்ற தலைப்பின் கீழ் டம்மி மட்டும்.

ஃபியூசர் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். பிசிஎம் சி0 டி0 பி என்ற கோப்பை ரூட் (நிர்வாகி) பயனரின் ஒரு செயல்முறை பிடித்திருக்கிறது. பெயர் ஈஸ்பீக்அப்.

அதை நிறுவியவன் நான்தான். க்னோம் என்றைக்காவது எழாமல் போனால் கருப்புத் திரை முனையத்திலாவது குரல் வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பு போட்டேன். போட்டதே மறந்துவிட்டது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்திருக்கிறது.

நூல்கண்டு | ஞாயிறு, காலை 8.15

அருமை. அந்தக் கோப்புப் பெயரையும் பிரித்துவிடுகிறேன், இனி உங்களுக்கு உதவும்: சி0 என்பது பூஜ்ஜியமாவது அட்டை, டி0 அதன் பூஜ்ஜியமாவது கருவி, கடைசி எழுத்து பி என்றால் ஒலிப்பு, சி என்றால் பதிவு. உங்கள் ஸ்பீக்கர் போகும் வாசலிலேயே ஈஸ்பீக்அப் உட்கார்ந்திருக்கிறது.

அது ரூட் பயனராக, கணினி எழும்போதே தொடங்கி, பைப்வயரைக் கேட்காமல் நேராக ஆல்சாவுக்குப் போகிறது. பைப்வயரும் கருவியை நேரடியாகத் திறக்கப் பார்க்கிறது. எவர் முந்துகிறாரோ அவருக்கே கருவி. எழும்பும் வேகம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறுவதால்தான் உங்களுக்குச் சில நாள் பேச்சு, சில நாள் மௌனம். திறக்க முடியாத அட்டையைப் பைப்வயர் பட்டியலில் சேர்ப்பதில்லை. உங்கள் மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாததால் என்விடியா பக்கமும் கணக்கில் வராது. மிஞ்சுவது டம்மி.

உறுதிப்படுத்த: சூடோவுடன் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் ஈஸ்பீக்அப். பிறகு சூடோ இல்லாமல், யூசர் என்ற தெரிவுடன் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட், அதற்கு மூன்று பெயர்கள்: வயர்பிளம்பர், பைப்வயர், பைப்வயர்-பல்ஸ். இவற்றுக்கு எக்காலத்திலும் சூடோ போடாதீர்கள், இவை உங்கள் பெயரில் ஓட வேண்டியவை.

வெண்கோல் | ஞாயிறு, காலை 8.40

ஓடவிட்டேன். டபிள்யூபிசிடிஎல்லில் ரியல்டெக் வந்துவிட்டது, சோதனை ஒலியும் கேட்டது. ஆனால் ஆர்கா மட்டும் இன்னும் மௌனம்!

ஆல்சாக்கிழவர் | ஞாயிறு, காலை 8.52

அது ஸ்பீச்-டிஸ்பாச்சர். ஆர்காவுக்கும் ஒலிக்கும் நடுவில் நிற்கும் தரகன். தான் பிடித்திருந்த பைப்வயர் செத்து மறுபடி பிறந்தது அதற்குத் தெரியவில்லை. கில்ஆல் ஸ்பீச்-டிஸ்பாச்சர் என்று கொடுத்துவிட்டு, சூப்பர், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஆர்காவை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

வெண்கோல் | ஞாயிறு, காலை 8.58

பேசுகிறது! பேசுகிறது!

புதுமழை | ஞாயிறு, காலை 9.20

அப்படியானால் ஈஸ்பீக்அப்பை நீக்கிவிட்டால் முடிந்தது அல்லவா?

வெண்கோல் | ஞாயிறு, காலை 9.31

அதுதான் முடியாது தம்பி. க்னோம் விழுந்தால் நீங்கள் கருப்புத் திரையில் இருப்பதைப் படித்துச் சரிசெய்வீர்கள். ஈஸ்பீக்அப் இல்லையென்றால் நான் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்ப வேண்டும். இரண்டு குரல்களும் எனக்கு வேண்டும்.

ஆல்சாக்கிழவர் | ஞாயிறு, காலை 10.05

ஒரு வழி, ஒலிச் சர்வரை எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக ஒரே ஒன்றாக ஓட்டுவது. பல்ஸில் அதற்கு சிஸ்டம் முறை என்று உண்டு. ஒரு காலத்தில் நான் அப்படித்தான் ஓட்டினேன்.

நூல்கண்டு | ஞாயிறு, காலை 10.30

ஐயா, எழுதியவர்களே "வேண்டாம்" என்று எச்சரித்த முறை அது. அடுத்த பதிப்பு மாற்றத்தில் உடைந்தால் மறுபடி வெண்கோல் ஐயாதான் ஊமைக் கணினியின் முன் உட்கார வேண்டும். எளிய வழி இருக்கிறது, கொஞ்சம் காசு செலவாகும்: விரல் அளவு யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்று வாங்குங்கள். ஈஸ்பீக்அப்புக்கு அது, க்னோமுக்கு ரியல்டெக். ஒரு வாசலுக்கு இரண்டு பேர் போட்டி போட்டால்தானே சண்டை.

எட்க் அடைவின் டீஃபால்ட் அடைவில் ஈஸ்பீக்அப் என்ற கோப்பு இருக்கும். அதில் ஆல்சா-கார்ட் என்ற மாறிக்கு (நடுவில் அடிக்கோடு, எல்லாம் பெரிய எழுத்து) யுஎஸ்பி அட்டையின் பெயரைக் கொடுங்கள். எண்ணைக் கொடுக்காதீர்கள், என்றாவது ஒருநாள் யுஎஸ்பி முந்திக்கொண்டு பூஜ்ஜியமாகிவிடும். கார்ட்ஸ் கோப்பில் சதுர அடைப்புக்குள் வருவதுதான் பெயர். மலிவான அட்டைகள் பலவற்றுக்கு வெறும் "டிவைஸ்" என்றே இருக்கும்.

அதோடு, வயர்பிளம்பர் அந்த யுஎஸ்பி அட்டையைத் தொடாதபடி விலக்கிவைக்க வேண்டும், இல்லையென்றால் சண்டை இடம் மாறித் தொடரும். விதியை அட்டை வந்தபின் எழுதித் தருகிறேன்.

வெண்கோல் | வியாழன், இரவு 7.45

அட்டை வந்தது. பெயர் நீங்கள் சொன்னபடியே "டிவைஸ்". நூல்கண்டு தனிச்செய்தியில் தந்த விதியையும் போட்டாயிற்று. மேசையின் இடது ஓரத்தில் பழைய கைப்பேசியின் செவிப்பொறி ஒன்று தொங்குகிறது, அது கருப்புத் திரையின் குரல். எதிரே ஸ்பீக்கர், அது க்னோமின் குரல். எந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வருகிறது என்பதை வைத்தே எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துவிடுகிறது. இந்த வசதியை நான் எதிர்பார்க்கவில்லை.

ஐந்து நாளில் பதினோரு முறை அணைத்துப் போட்டேன். ஒருமுறைகூட மௌனம் இல்லை.

ஆனால் வேறொன்று. இது முன்பே இருந்தது, பெரிய தொல்லைக்கு நடுவில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஒலி இல்லாமல் இருந்து பிறகு ஆர்கா பேசினால், முதல் எழுத்து விழுங்கப்படுகிறது. "இணை" என்றாலும் "ணை", "அணை" என்றாலும் "ணை". இணைக்கப் போய் ஒருமுறை அணைத்துவிட்டேன்.

புதுமழை | வியாழன், இரவு 8.10

இது எனக்குத் தெரியும்! ஐந்து நொடி சும்மா இருந்தால் வயர்பிளம்பர் கருவியைத் தூங்கவைத்துவிடும். எழும்புவதற்குள் முதல் எழுத்து போய்விடும். வயர்பிளம்பரின் கான்ஃப் அடைவில் ஒரு கோப்பு எழுதி, செஷன் சஸ்பெண்ட் டைம்அவுட் செகண்ட்ஸ் என்பதை 0 ஆக்குங்கள்.

வெண்கோல் | வியாழன், இரவு 9.00

செய்தேன் தம்பி, மாற்றம் இல்லை.

நூல்கண்டு | வியாழன், இரவு 9.25

புதுமழையின் காரணம் சரி, மருந்தும் சரி, புட்டிதான் வேறு. அவர் சொல்லும் கான்ஃப் வடிவம் 2024இல் வந்த வயர்பிளம்பர் 0.5க்கு உரியது. டெபியன் 12இல் இருப்பது 0.4, அது லுவா மொழிக் கோப்புகளைத்தான் படிக்கும். புதிய வடிவத்தை அது சட்டைசெய்யாது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் இந்த இரண்டும் கலந்து கிடப்பதுதான் இன்றைய பெரிய தலைவலி.

யுஎஸ்ஆர், ஷேர், வயர்பிளம்பர் அடைவுக்குள் மெயின் டாட் லுவா டாட் டி என்ற அடைவு. அதில் 50-ஆல்சா-கான்ஃபிக் என்ற லுவா கோப்பை எட்க் அடைவின் வயர்பிளம்பருக்குள் அதே பெயருள்ள அடைவை உண்டாக்கி நகலெடுங்கள். நகலில், புதுமழை சொன்ன அதே வரி ஏற்கெனவே இருக்கும், முன்னால் இரண்டு சிறுகோடுகளுடன். அந்தக் கோடுகளை நீக்கிவிட்டு 5 என்பதை 0 ஆக்குங்கள். வீட்டு அடைவில் வைக்காமல் எட்க்கில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: உள்நுழைவுத் திரை வேறு பயனர், உங்கள் வீட்டுக் கோப்பை அது படிக்காது.

ஆல்சாக்கிழவர் | வியாழன், இரவு 9.50

அதன் பிறகும் விழுங்கினால், கர்னலும் தன் பங்குக்குச் சில்லைத் தூங்கவைக்கிறது என்று பொருள். எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் என்ற மாட்யூலுக்குப் பவர்-சேவ் என்ற அளவுரு உண்டு. மோட்ப்ரோப் டாட் டி அடைவில் ஒரு வரிக் கோப்பு எழுதி அதை 0 ஆக்குங்கள். மடிக்கணினியில் மின்கலத்துக்காகத் தயங்கலாம். மேசைக் கணினியில் இந்தச் சிக்கனத்தால் மின்கட்டணத்தில் எதுவும் மிஞ்சப்போவதில்லை.

வெண்கோல் | வெள்ளி, காலை 6.20

லுவா கோப்பிலேயே முக்கால்வாசி சரியாயிற்று. நீண்ட இடைவெளிக்குப் பின் மட்டும் மெல்லிய "டிக்" ஓசையும் அரை எழுத்து இழப்பும் இருந்தன. பவர்-சேவை 0 ஆக்கி மறுதொடக்கம் செய்தபின் அதுவும் போயிற்று. "இணை" இணை என்றும், "அணை" அணை என்றும் கேட்கிறது. மூவருக்கும் நன்றி. தலைப்பில் தீர்ந்தது என்று சேர்த்துவிட்டேன்.

பின்னிரவு | வெள்ளி, காலை 9.15

256இல் ஈஆர்ஆர் எண் நின்றுவிட்டது. கடலை வறுபடுவதும் நின்றது. இன்னொரு சந்தேகம்: என் நண்பர் உபுண்டு 24.04 வைத்திருக்கிறார், அவருக்கும் முதல் எழுத்து போகிறது. அவர் எந்த வடிவத்தில் எழுத வேண்டும்?

நூல்கண்டு | வெள்ளி, காலை 9.40

24.04இலும் வயர்பிளம்பர் 0.4தான், லுவாவே. சந்தேகம் வந்தால் வயர்பிளம்பர் கட்டளைக்கு வெர்ஷன் என்ற தெரிவைக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கோப்பைத் தொடச் சொல்லுங்கள்.